மாடியில் தைக்கிற அக்கா

அந்தக் கணக்கில் ஆள் படம் இல்லை. படம் இருக்க வேண்டிய வட்டத்துக்குள் ஒரு ரோஜாப்பூ, மேலே பனித்துளி. குடும்பக் குழுவில் தினமும் காலை வணக்கம் அனுப்புகிற அத்தைமார்கள் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி. அதனால் அது ஒரு பெண் என்று நானே முடிவு செய்துகொண்டேன். லைவில் 'ரோஜா அக்கா' என்று கூப்பிடவும் செய்தேன். "ரோஜா அக்கா வந்துட்டாங்க, வாங்க வாங்க, பசியாறிட்டீங்களா?" அந்தப் பதிவைப் பிறகு என்னால் முழுதாகக் கேட்க முடியவில்லை. என் குரலில் அவ்வளவு சந்தோஷம்.

நான் தங்காக்கில் பிறந்தவள். கோலாலம்பூரில் படித்து முடித்து, மூன்று நேர்முகத் தேர்வுகளுக்குப் போய், மூன்றிலும் "கூப்பிடுவோம்" என்ற பதிலைக் கேட்டு, யாரும் கூப்பிடாமல் ஊருக்குத் திரும்பியிருந்தேன். தீபாவளிக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. எங்கள் ஊரில் துணிக்கடைக்குக் குறைவில்லை. கடைத்தெருவில் ஒரு சேலைக்கடையில் ஆள் தேடினார்கள், போய்ச் சேர்ந்தேன். முதலாளி, முதலாளியம்மா, மாடியில் பிளவுஸ் தைக்கிற ஒரு அக்கா, கீழே நான். அவ்வளவுதான் கடை.

முதலாளி தினமும் மதியம் மூன்று மணிக்குக் கைப்பேசியை ஒரு கம்பில் மாட்டி லைவ் போட்டுச் சேலை விற்றுக்கொண்டிருந்தார். ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி பேசுவார். "கோட் பன்னிரண்டு. பச்சை. பார்டர் தங்கம். வேணுங்கறவங்க கோட் போடுங்க." பதினொரு பேர் பார்ப்பார்கள். அதில் மூன்று பேர் அவருடைய தங்கைகள்.

இரண்டாம் நாள் நான் முன்னால் நின்றேன். முதலில் என் வாயில் வந்ததே இதுதான்: "இந்தச் சேலை பாக்க அழகா இருக்கு. ஆனா முதல் ரெண்டு தடவை தனியா அலசுங்க, சாயம் விடும். உண்மையச் சொல்லிட்டேன், அப்புறம் என்னைத் திட்டக்கூடாது." முதலாளி கைப்பேசிக்குப் பின்னால் நின்று இரண்டு கையையும் ஆட்டி ஆட்டி என்னை நிறுத்தப் பார்த்தார். பத்து நிமிடத்தில் அந்தச் சேலை அத்தனையும் விற்றுப்போனது. அவர் கை மெல்லக் கீழே இறங்கியது.

அன்றிலிருந்து உண்மைதான் என் சரக்கு. இரண்டு வாரத்தில் பார்ப்பவர்கள் இருநூறைத் தொட்டார்கள். ஆனால் ஒரு சேலையைப் பற்றிச் சொல்ல எவ்வளவு உண்மை இருக்கும்? சாயம் விடும், விடாது. கொசுவம் நிற்கும், நிற்காது. அது தீர்ந்த பிறகு என்னைப் பற்றிச் சொன்னேன். தேர்வுகளில் தோற்றதை, அழுததை, காலில் சொறி வந்ததை. அதுவும் தீர்ந்த பிறகு அம்மாவின் முட்டிவலியைச் சொன்னேன்.

அம்மா பள்ளிக்கூடக் கேண்டீனில் வேலை செய்கிறார். ஒரு நாள் வீட்டுக்கு வந்ததும் பையைக்கூட இறக்கவில்லை.

"ரெண்டு டீச்சருங்க வந்து என் முட்டி எப்படி இருக்குன்னு கேக்கறாங்க. அவங்களுக்கு யாரு சொன்னது?"

"அன்பா கேட்டிருப்பாங்கம்மா."

"அன்பா? என் முட்டிய வித்து எத்தனை சேலை போச்சு, அதச் சொல்லு."

"பதினாலு."

நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அன்று சோறு நானே போட்டுச் சாப்பிட்டேன். அப்போதும் எனக்கு உறுத்தவில்லை. வியாதியை மறைத்து, தோல்வியை மறைத்து, முறிந்த கல்யாணத்தை மறைத்துத்தான் நம்மாட்கள் பாதிப் பேர் உள்ளுக்குள்ளேயே நொந்து கிடக்கிறார்கள் என்பது என் கட்சி. படிக்கிற காலத்தில் மேடையில் பேசியிருக்கிறேன். கைதட்டல் வாங்கியிருக்கிறேன். இப்போதும் அது முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன்.

மாடி அக்காவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். ஒரு வருடத்துக்கு முன் இரண்டு பெண் பிள்ளைகளோடு எங்கள் ஊருக்கு வந்தவர். பெரியவள் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு, சின்னவள் பாலர் பள்ளி. அக்கா இடது கைக்காரர். கழுத்துக்கும் கைக்கும் ஓரம் மடிக்கிற எம்மிங்கை மெஷினில் ஓட்டாமல் கையாலேயே போடுவார். இடது கை என்பதால் தையல் எல்லாம் எதிர்ப்பக்கம் சாய்ந்து, காற்றில் மழை சாய்வது போல இருக்கும். அதிகம் பேச மாட்டார், நான் பேசினால் கேட்பார். என் கணக்கில் அதுவே நட்பு.

நான் சேர்ந்த வாரமே அவர் என்னிடம் ஒன்று கேட்டுக்கொண்டார்.

"தங்கச்சி, லைவ்ல என் முகத்தக் காட்டிராத. பேரச் சொல்லிராத."

"ஏங்க்கா, வெக்கமா?"

"ஆமா. அப்படி வெச்சுக்க."

நான் அப்படியே வைத்துக்கொண்டேன். ஒரு நாளும் முகத்தைக் காட்டியதில்லை, பெயரைச் சொன்னதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. எனக்கும் ரகசியம் காக்கத் தெரியும், பாருங்கள்.

மற்றதையெல்லாம் சொன்னேன்.

தையல்காரர்கள் சன்னலைப் பார்த்து உட்காருவார்கள், வெளிச்சம் ஊசி மேல் விழ வேண்டும் என்பதற்காக. இந்த அக்கா சன்னலுக்கு முதுகைக் காட்டி மெஷினைப் போட்டிருந்தார். அவர் நிழல் அவர் துணி மேலேயே விழும். கண் மாடிப்படியில். யாராவது முதல் படியில் கால் வைத்தால் மெஷின் நின்றுவிடும். வருகிற ஆள் யார் என்று பார்த்த பிறகுதான் மறுபடி ஓடும். நான் அதை லைவில் நடித்துக் காட்டினேன். காலை வைப்பது, மெஷின் நிற்பது, அக்கா கழுத்தை நீட்டுவது. சிரிக்கிற முகங்கள் திரையில் மேலே மேலே பறந்தன.

வெட்டுமேசைக்கு அடியில் ஒரு பயணப் பை எப்போதும் ஜிப் மூடியபடி இருக்கும். "ஊருக்காக்கா?" என்று ஒருமுறை கேட்டேன். "துணிதான்" என்றார். அதை மட்டும் லைவில் சொல்லவில்லை. மறந்துவிட்டேன், அவ்வளவுதான்.

முதலாளியம்மா ஒரு நாள் சேலை மடித்துக்கொண்டே சொன்னார்: "மேல இருக்கறவங்களப் பத்தி ரொம்பப் பேசாத."

"நல்லவிதமாத்தானே சொல்றேன்?"

"நல்லவிதமாத்தான் சொல்ற." மடித்த சேலையைப் பிரித்து மறுபடி மடித்தார். அவருக்கு எல்லாம் தெரியும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ரோஜா முதலில் எழுதியது இரண்டே வார்த்தை: "அழகான தையல்." மறுநாள்: "தைப்பவர் எந்த ஊர்?" ஒரு பிழை இருக்காது. எங்கள் லைவில் எல்லாரும் பாதி மலாய், பாதி ஆங்கிலம், மீதி படம் என்று எழுதுவார்கள். இவ்வளவு சுத்தமாக எழுதுகிற ஒருவருக்கு ஒரு வரியில் பதில் சொல்வது மரியாதையாக இருக்காது என்று எனக்குத் தோன்றியது. "குளுவாங் பக்கம் தோட்டத்துல பொறந்து வளர்ந்தவங்க, இப்ப நம்ம ஊரு அக்கா" என்றேன்.

இரண்டு நாள் கழித்து, ஒரு பிளவுஸின் கழுத்தைத் திருப்பி எம்மிங்கைக் கைப்பேசிக்குப் பக்கத்தில் காட்டினேன். ரோஜா எழுதியது: "இடது கையால் போட்டது போல் தெரிகிறதே."

"அலமாக், ரோஜா அக்கா, நீங்களும் தையலா? எல்லாரும் கேட்டுக்குங்க, நம்ம ரோஜா அக்கா கண்ணுக்கு ஒண்ணும் தப்பாது."

அடுத்த வாரம்: "நேரில் வந்து அளவு கொடுக்க வேண்டும். எந்த நேரம் இருப்பார்?"

"காலையில எட்டரைக்கு வந்துருவாங்க. பன்னண்டே காலுக்குச் சின்னவளக் கூப்பிடப் போவாங்க. அப்புறம் ஒண்ணரைக்குப் பெரியவளையும் ஏத்திக்கிட்டு ரெண்டு மணிக்குத் திரும்ப மெஷின்ல உக்காந்துருவாங்க. உழைப்பாளி லா எங்க அக்கா."

கேட்டது ஒரு நேரம். நான் கொடுத்தது ஒரு நாள் முழுவதும்.

ரோஜா நேரில் வரவில்லை. தீபாவளிக்கு ஐந்து வாரம் இருக்கும்போது, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, எனக்குத் தனியாக ஒரு செய்தி வந்தது. "வர இயலவில்லை. அளவு அனுப்பியுள்ளேன். மெரூன் நிறம். அவர் கையாலேயே தைக்க வேண்டும்." கீழே நீளம், மார்பு, இடுப்பு, கை, தோள். கடைசியில் ஒரு குறிப்பு: இடது தோள் அரை அங்குலம் இறக்கம். எவ்வளவு கவனமாக அளவு எடுத்திருக்கிறார் என்று வியந்துகொண்டே ஒரு சீட்டில் எழுதினேன். மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. மாடிக்கு ஏறினேன்.

முதல் படியில் கால் வைத்ததும் மெஷின் நின்றது. என்னைப் பார்த்ததும் ஓடியது. நான் சீட்டை நீட்டினேன், மறுபடி நின்றது.

அக்கா அதை ஒருமுறை படித்தார். இன்னொருமுறை படித்தார். பிறகு வலது கையை எடுத்துத் தன் இடது தோள் மேல் வைத்துக்கொண்டார். அந்தத் தோள் மற்றதைவிடத் தாழ்ந்திருப்பதை நான் தினமும் பார்த்திருக்கிறேன். குனிந்து குனிந்து தைத்ததால் அப்படி ஆகிவிட்டது என்று நினைத்திருந்தேன்.

"இது யாரு குடுத்தது?"

"ரோஜா அக்கா. லைவ்ல வருவாங்களே."

"இது என் அளவு."

"ஒரே அளவுல நிறைய பேரு இருப்பாங்கக்கா."

"தோளு?" என்றார். "இந்தத் தோள எறக்கினது அவன். என் அளவு நோட்டு அவன்கிட்டதான் இருக்கு. வர்றப்ப எடுக்க முடியல."

அவன் என்றால் யார் என்று நான் கேட்கவில்லை. பிள்ளைகளின் அப்பா என்று கேட்காமலே புரிந்தது. மெஷின் ஏன் படியைப் பார்த்து இருந்தது, பை ஏன் மூடியே இருந்தது, பெரியவள் ஏன் கடைக்கு வந்தால் வாசல் பக்கம் உட்காருவதே இல்லை, எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்து என் முன்னால் நின்றன.

"லைவ்ல என்ன என்ன சொன்ன?"

"முகத்தக் காட்டலக்கா. பேரச் சொல்லல. சத்தியமா."

"அதக் கேக்கல."

முதலாளியம்மாவும் மேலே வந்துவிட்டார். நான் சொல்ல ஆரம்பித்தேன். குளுவாங், தோட்டம், ரெண்டு பெண் பிள்ளை, இடது கை, எட்டரை மணி, பன்னண்டே கால். என் வாழ்க்கையில் உண்மை பேச இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதில்லை. ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டு இன்னொன்று இருக்கிறதா என்று தேட வேண்டியிருந்தது. எப்போதும் இருந்தது.

"பாலர் பள்ளி எதுன்னு சொன்னியா?"

"இல்ல."

"நிச்சயமா?"

என் வாயை எனக்குத் தெரியும். கைப்பேசியை எடுத்துப் பழைய லைவ்களை ஓட்டினோம். முப்பதுக்கு மேல் இருந்தன. வேகமாக ஓட்டும்போது என் உதடு மட்டும் திரையில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அக்கா கண்ணை எடுக்கவே இல்லை. பதினெட்டாவதோ பத்தொன்பதாவதோ, ஒரு ஊதா சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு நான் சொல்கிறேன்: "நம்ம அக்காவோட சின்னக் குட்டி என்ன சொல்லுச்சு தெரியுமா? கோயிலுக்குப் பின்னால அது போற பாலர் பள்ளி இருக்குல்ல, பச்சை கேட்டு, அது முதலையாம். காலையில வாயத் தொறந்து முழுங்கிட்டு மத்தியானம் துப்பிருதாம்."

அக்கா எழுந்துவிட்டார். செருப்பைப் போடவில்லை.

முதலாளியம்மா ஓட்ட, அவர் காடியில் போனோம். நடந்தே போகிற தூரம்தான். அன்று ஒவ்வொரு சந்திப்பிலும் சிவப்பு விளக்கு. அக்கா முன் இருக்கையில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ரோட்டோரம் நிற்கிற ஒவ்வொரு காடியையும் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். தூரத்தில் குனோங் லேடாங் மலை பாதி மேகத்துக்குள் இருந்தது. எதையாவது பார்க்க வேண்டும் என்று நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிள்ளை இருந்தாள். வரிசையில் இரண்டாவதாக, தண்ணீர்ப் புட்டியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு. "அம்மா செருப்பு எங்க?" என்று கேட்டாள்.

பாலர் பள்ளி ஆசிரியை எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார்.

"ஏன், என்னாச்சு? சீக்கிரம் வந்துட்டீங்க."

"யாராவது இவளக் கேட்டு வந்தாங்களா?"

"இவளக் கேட்டு வரல. காலையில ஒருத்தரு போன் பண்ணாரு, பிள்ளையச் சேக்கணும்னு. எத்தனை மணிக்கு விடுவீங்க, எந்த வாசல் வழியா விடுவீங்கன்னு கேட்டாரு. ரொம்ப மரியாதையாப் பேசுனாரு. பன்னண்டரைன்னு சொன்னேன்."

அந்த ஆசிரியையை நான் என்ன சொல்ல முடியும்? அவரிடமாவது கேட்டார்கள்.

தமிழ்ப்பள்ளிக்குப் போய்ப் பெரியவளையும் முன்னதாகவே கூட்டிக்கொண்டு, போலீஸ் நிலையத்தில் புகார் எழுதினோம். ஏற்கெனவே ஒரு பழைய புகார் இருந்தது. இது புதியது. ரோஜா எழுதிய ஒவ்வொரு வரியையும் படம் பிடித்துக் கொடுத்தேன். ஒவ்வொரு வரிக்கும் கீழே என் பதில் இருந்தது. எழுதிக்கொண்டிருந்த பெண் போலீஸ் ஒருமுறை என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி எழுதினார். ஆளைக் கண்டால் உடனே கூப்பிடுங்கள், ரோந்து வண்டி வரும் என்றார்.

பிறப்புச் சான்றிதழ் எல்லாம் மாடியில் அந்தப் பயணப் பைக்குள் இருந்தது. அதனால் பின்சந்து வழியாகக் கடைக்குத் திரும்பினோம். முதலாளியின் தம்பி மூவாரிலிருந்து காடியோடு வந்துகொண்டிருந்தார். மூன்றே காலுக்கு வந்துவிடுவார் என்றார்கள். எங்கே போகப் போகிறார்கள் என்பதை அக்காவும் முதலாளியம்மாவும் மட்டும் பேசிக்கொண்டார்கள். நான் கிட்டே போனதும் பேச்சு நின்றது. அது சரிதான். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் நிறுத்தியிருப்பேன்.

கடையின் பின்கட்டில் அடுப்படி. அக்கா பிள்ளைகளுக்கு ரொட்டி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்றேன்.

"எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேக்கா. தெரிஞ்சிருந்தா ஒண்ணும் பேசியிருக்க மாட்டேன்."

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு என் குரலிலேயே, என் இழுவையோடு, கையைக்கூட என்னை மாதிரியே விரித்துச் சொன்னார்: "'பாவங்க எங்க அக்கா, எப்பேர்ப்பட்ட ஆள்கிட்டேருந்து தப்பிச்சு வந்துருக்காங்க, ஆளுக்கு ஒரு பிளவுஸ் தைக்கக் குடுங்க, உண்மையச் சொல்லிட்டேன்.' சொல்லியிருக்க மாட்ட?"

பெரியவள் சிரித்துவிட்டாள். அவ்வளவு சரியாக இருந்தது. அக்கா சொல்லி முடிப்பதற்குள்ளேயே அந்த வார்த்தைகளை என் வாய் தனக்குள் ஒத்திகை பார்த்துவிட்டது.

மணி மூன்றாகப் பத்து நிமிடம் இருந்தது. முதலாளி கம்பில் கைப்பேசியை மாட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு லைவ் இல்லேன்னா அவனுக்குத் தெரிஞ்சிரும். எப்பவும் போல பேசு."

"என்னால முடியாது பாஸ்."

"நீயா? பேச முடியாதா?" என்றார். கேலி மாதிரிதான் இருந்தது, ஆனால் மாட்டிய கைப்பேசியைக் கழற்றி மறுபடி மாட்டினார்.

முதலாளியம்மா மாடிக்குப் போய் மெஷினில் உட்கார்ந்தார். அவருக்குத் தைக்கத் தெரியாது. ஒரு துணியை வைத்து வெறுமனே ஓட்டினார். கீழே கேட்க, அக்கா தைப்பது போலவேதான் இருந்தது. முதலாளி பின்வாசலில் போய் நின்றார். நான் விளக்கைப் போட்டு, சிரித்து, ஆரம்பித்தேன்.

நான்காவது நிமிடத்தில் ரோஜா வந்தது. "தையல்காரர் இருக்கிறாரா?"

"இருக்காங்க ரோஜா அக்கா, இல்லாம எங்க போவாங்க? மெஷின் சத்தம் கேக்குதுல்ல? உங்க மெரூன்தான் ஓடுது."

லைவில் நான் சொன்ன முதல் பொய் அது. எவ்வளவு சுலபமாக வந்தது என்பதில் எனக்கே பயமாக இருந்தது.

லைவில் ஒரு தாமதம் உண்டு. நான் பேசுவது பார்க்கிறவர்களுக்கு ஏழெட்டு விநாடி கழித்துத்தான் போய்ச் சேரும். அடுத்த சேலையை எடுக்கக் குனிந்தேன். என் குரல் கேட்டது: "உங்க மெரூன்தான் ஓடுது."

கடைக்குள்ளிருந்து இல்லை. வெளியே, கடைக்கு முன்னால் இருக்கிற அஞ்சடி நடைபாதையில், தொங்கவிட்டிருந்த சுடிதார்களுக்குப் பின்னாலிருந்து.

நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் அந்தக் குரலும் ஏழெட்டு விநாடியில் நின்றுவிடும், அவனுக்குத் தெரிந்துவிடும் என்று மட்டும் தோன்றியது. ஒரு நீலச் சேலையைப் பிரித்தேன். பார்டர், முந்தானை, சாயம் விடாது, எல்லாம் சொன்னேன். சுடிதார்களை ஒதுக்கிக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் விபூதிக்கோடு, கையில் கைப்பேசி. பேருந்தில் நமக்காக எழுந்து இடம் கொடுப்பார்களே, அப்படி ஒரு முகம். நான் அதுவரை மனசில் வைத்திருந்த முகம் வேறு.

"நல்லாப் பேசறீங்க தங்கச்சி," என்றார் மெதுவாக, கைப்பேசியை அணைத்துவிட்டு. "தெனமும் கேக்கறேன். ஒரு அளவு குடுத்திருந்தேன். மேல போயி வாங்கிக்கட்டுமா?"

மாடிப்படி எனக்குப் பின்னால். படிக்குப் பக்கத்தில் ஒரு திரை. திரைக்கு அந்தப் பக்கம் அடுப்படி. மேலே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மணி மூன்று பதினொன்று.

நான் யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் அதுவும் பொய். எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. கைப்பேசியைக் கம்போடு தூக்கி அவர் பக்கம் திருப்பினேன்.

"எல்லாரும் இங்க பாருங்க. நம்ம லைவ் பாத்துட்டு நேர்லயே ஒரு கஸ்டமர் வந்துட்டாரு. அண்ணன், கேமராவப் பாத்து ஒரு வணக்கம் சொல்லுங்க. எங்கேருந்து வர்றீங்க? உங்க ரோஜாப்பூ ரொம்ப அழகா இருக்கு."

அவர் கை சட்டென்று முகத்துக்கு முன்னால் போனது.

"முகத்தக் காட்டாதீங்க தங்கச்சி."

"இருநூத்தி நாப்பது பேரு பாக்கறாங்கண்ணே. வெக்கமா?"

அவர் ஒரு அடி பின்னால் வைத்தார். நான் ஒரு அடி முன்னால் வைத்தேன். பேசிக்கொண்டே இருந்தேன், என்ன பேசினேன் என்று நினைவில்லை. அவர் திரும்பி அஞ்சடிக்குப் போய், ரோட்டைக் கடந்து, எதிர்வரிசைக் கடையின் நிழலில் நின்றுகொண்டார். அங்கிருந்து எங்கள் மாடிச் சன்னலைப் பார்த்தார். சன்னலுக்கு முதுகைக் காட்டி ஒரு பெண் தைத்துக்கொண்டிருப்பது அங்கிருந்து தெரியும்.

என் திரையில் யாரோ எழுதியிருந்தார்கள்: "இவர எனக்குத் தெரியும். ரொம்ப நல்ல மனுசன். எங்க ஊரு திருவிழால தண்ணிப் பந்தல் இவருதான் போடுவாரு." அதற்குக் கீழே நாலைந்து பேர் கைகூப்பியிருந்தார்கள்.

பின்சந்தில் காடிக் கதவு ஒன்று சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. சின்னவளின் குரல் ஏதோ கேட்டது. நான் சத்தமாகச் சிரித்தேன், சிரிக்க ஒன்றுமே இல்லாத இடத்தில். எதிர்வரிசையில் அவர் தலை கொஞ்சம் சாய்ந்தது. காது கொடுப்பது மாதிரியும் இருந்தது, வெறுமனே கழுத்தைத் தளர்த்துவது மாதிரியும் இருந்தது. எதுவென்று எனக்கு இன்றுவரை தெரியாது.

முதலாளி கூப்பிட்டு, ரோந்து வண்டி வந்தபோது அந்த நிழலில் யாரும் இல்லை. லைவை முடித்துவிட்டு நான் மாடிக்கு ஓடினேன். முதலாளியம்மா அப்போதும் ஓட்டிக்கொண்டிருந்தார். "போதும்மா" என்று அவர் தோளைத் தொட்ட பிறகுதான் நின்றார். ஊசியில் நூலே இல்லை. துணி முழுக்கச் சின்னச் சின்ன ஓட்டை, வரிசை வரிசையாக.

அக்கா இப்போது எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. முதலாளியம்மாவுக்குத் தெரிந்திருக்கலாம். நான் கேட்டதில்லை. ரோஜா கணக்கு அன்று சாயங்காலமே காணாமல் போனது. போலீஸ் இரண்டு முறை எங்களைக் கூப்பிட்டுப் பேசினார்கள், பிறகு கூப்பிடவில்லை. முதலாளி பழைய லைவ்களை எல்லாம் அழித்தார். யார் யார் அதற்குள் எடுத்து வைத்துக்கொண்டார்கள் என்று யாருக்குத் தெரியும்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். "சின்னப் பிள்ளை சாப்பிட்டுச்சா, போறப்ப?" என்று மட்டும் கேட்டார். ரொட்டி சாப்பிட்டது என்றேன்.

இதை எழுதும்போது அக்காவைப் பற்றிச் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். கை, கேட்டின் நிறம், பிள்ளைகளின் வயது, தோள், சன்னல். இதில் எதை மாற்றினேன், எதை விட்டுவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். இந்தப் பட்டியலிலும் ஒன்றிரண்டு சும்மா சேர்த்ததுதான்.

நான் இன்னும் லைவ் போடுகிறேன். சாயம் விடும் என்றால் விடும் என்கிறேன், அதோடு நிறுத்திக்கொள்கிறேன். பார்க்கிறவர்கள் அறுபது பேராகக் குறைந்துவிட்டார்கள். அதில் இருபது பேருக்காவது முகம் கிடையாது. ஒரு சூரிய உதயம், ஒரு கிளி, ஒரு முருகன், ஒரு கைக்குழந்தை. "இப்போது யார் தைக்கிறார்கள்?" என்று போன வாரம் அந்தக் கிளி கேட்டது. பிழையில்லாத தமிழ். நான் அடுத்த சேலையை எடுத்தேன்.

இப்போதெல்லாம் ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும் ஏழெட்டு விநாடி பேசாமல் நிற்கிறேன். இணைப்பு மெதுவாக இருக்கிறது என்று பார்ப்பவர்கள் எழுதுகிறார்கள். நான் அஞ்சடியைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.